உள்ளூர் ஓரியன்டியரிங் நிகழ்வுகள்: நுழைவுக் கட்டணமும் உறுப்பினர் சலுகையும்

கேள்வி

வணக்கம். எங்கள் சங்கம் ஆண்டுக்கு ஆறு ஓரியன்டியரிங் நிகழ்வுகளை (வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, கொடி வைத்துக் குறித்த புள்ளிகளைத் தேடி ஓடும் போட்டிகளை) நடத்துகிறது. உறுப்பினர்களுக்குப் பாதிக் கட்டணம் என்பது தொடக்கம் முதலே இருந்துவரும் வழக்கம். கணக்குப் பொறுப்பை ஏற்ற பிறகுதான், உறுப்பினர்கள் மிகுதியாக வரும் நாள்களில் வரைபடம் அச்சிட்ட செலவுகூடத் திரும்புவதில்லை என்பதைக் கவனித்தேன். சலுகையைக் குறைத்தால், விடியற்காலையில் காட்டுக்குள் நடந்து கொடிகளை வைத்துவிட்டு வருபவர்களின் மனம் நோகுமோ என்று தயங்குகிறேன். நீங்கள் எந்த அடிப்படையில் கட்டணத்தை முடிவு செய்கிறீர்கள்?

பதில் 1

முதலில் செலவை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இட அனுமதி, காப்பீடு, முதலுதவி, வரைபடத்தைப் புதுப்பித்தல் ஆகியவை எத்தனை பேர் வந்தாலும் மாறாதவை. அச்சு, ஓடுபவரின் நேரத்தைப் பதியும் மின்னணுச் சிப்பின் வாடகை, கூட்டமைப்புக்குச் செலுத்தும் தலைவீதத் தொகை ஆகியவை வருகையோடு கூடுபவை. எடுத்துக்காட்டாக, மாறாத செலவு 1200 அலகு, தலைக்கு ஆகும் செலவு 8 அலகு என்று கொண்டால், 80 பேர் வரும்போது ஒருவருக்கு 23 ஆகும். மழை பெய்து 60 பேர் மட்டும் வந்தால் 28 ஆகிவிடும். நல்ல நாளின் எண்ணிக்கையை நம்பாமல், இந்த 28-ஐயே சராசரிக் கட்டணமாக வையுங்கள். புதிய வரைபடத்தின் முழுச் செலவையும் ஒரே நிகழ்வின் மீது சுமத்த வேண்டாம். ஒரு வரைபடம் பல ஆண்டுகளுக்குப் பயன்படும்.

பதில் 2

மேலே உள்ள கணக்கையே தொடர்கிறேன். உறுப்பினருக்கு 24, மற்றவர்க்கு 32 என்று வைத்தால் வித்தியாசம் 8. ஆண்டுச் சந்தா 30 என்றால், நான்கு நிகழ்வுகளுக்கு வருபவருக்குச் சந்தாத் தொகை திரும்பக் கிடைத்துவிடும். சலுகையின் அளவை இப்படிச் சந்தாவிலிருந்துதான் வரையறுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 60 பேரில் 45 பேர் உறுப்பினர்களாக இருந்தால் அன்று 120 அலகு குறையும். அதைச் சந்தா வருவாயிலிருந்து ஈடுகட்டலாம் என்று பொதுக்குழுவில் முன்கூட்டியே தீர்மானித்துவிட்டால் மனத்தாங்கல் வராது.

உழைப்பவர்களுக்கான நன்றியை இந்தச் சலுகையோடு கலக்காதீர்கள். தடத்தை வகுத்தவர் அதே தடத்தில் போட்டியிட முடியாது. கொடி வைத்தவருக்கும் புள்ளிகளின் இடம் தெரிந்துவிடுகிறது. அவர்களுக்கு அடுத்த நிகழ்வில் கட்டணமே வாங்காதீர்கள். சந்தா மட்டும் கட்டிவிட்டு ஓட வருபவருக்கும் அவர்களுக்கும் ஒரே சலுகை என்பது நியாயமாகாது.

பதில் 3

புதியவர்களை மறந்துவிடக் கூடாது. முதன்முறை வருபவரிடமே உயர்ந்த கட்டணத்தை வாங்கினால் அவர் மறுபடி வருவது அரிது. ஆகவே முதல் வருகைக்கு உறுப்பினர் கட்டணமே போதும். குடும்பமாக வருபவர்களிடம் தலைக்கு வாங்காமல் வரைபடத்துக்கு வாங்குங்கள். ஒரே தாளைத் தாய் ஒரு முனையிலும் சிறுமி மறு முனையிலும் பிடித்துக்கொண்டு, திசைகாட்டியின் முள்ளுக்கேற்ப அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆரஞ்சும் வெள்ளையுமான முதல் கொடியைத் தேடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களிடம் இரண்டு கட்டணம் கேட்க எனக்கு மனம் வந்ததில்லை.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பாதிக் கட்டண வழக்கத்தை விட்டுவிட்டு, சந்தாவோடு பொருந்தும் சலுகையையும் கொடி வைப்பவர்களுக்கான இலவச நுழைவையும் தனித்தனித் தீர்மானங்களாகக் குழுவின் முன் வைக்கிறேன். நிகழ்வன்று நேரில் பதிவு செய்பவர்களிடம் சிறிது கூடுதலாக வாங்குவதையும் சேர்க்கவிருக்கிறேன். எத்தனை வரைபடம் அச்சிடுவது என்று முன்னரே தெரிந்தால் வீணாகும் தாள்களாவது குறையும்.