கோடு போட்டதோடு டாக்டர் போய்விட்டார்

மஞ்சக்குப்பத்தான்:

பெண் பார்க்க நெல்லிக்குப்பம் போயிருந்தோம். பெண்ணின் சித்தப்பா காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மாவே ஆரம்பித்தார்: "ஏதோ முடி நடுறாங்களாமே, கேட்டுப் பாரேன்டா."

புதுச்சேரியில் ஒரு சென்டர். சலுகை விலை, மாதத் தவணை. டாக்டர் வந்து மார்க்கரால் நெற்றியில் கோடு போட்டார். ஐந்து நிமிடம். அதோடு அவரைக் காணோம். மதியம் வரை குப்புறப் படுத்திருந்தேன்; பின்மண்டையில் துளை போட்டு வேரோடு முடி எடுத்தது இரண்டு பையன்கள். மரத்துப்போகிற ஊசியை மறுபடி மறுபடி போட்டார்கள். நடுவில் உதடும் நாக்கும் மரத்த மாதிரி இருந்தது, காதில் ரீங்காரம். சொன்னேன். "டென்ஷன் சார், ஜூஸ் குடிங்க" என்றான் ஒருவன். அந்த மருந்தின் அளவு மீறினால் முதலில் இப்படித்தான் காட்டும் என்று பிறகு வேறொரு தோல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்கு மேல் போனால் வலிப்பு, இதயம்வரை போகுமாம்.

மூன்றாம் வாரம் நட்டதெல்லாம் உதிர்ந்தது. அது வழக்கம்தான், நாலாம் மாதம் முளைத்துவிட்டது. பிரச்சினை பின்மண்டையில். ஒரே இடத்தில் நெருக்கி எடுத்ததில் பூச்சி அரித்த புடவை மாதிரி திட்டுத் திட்டாக இருக்கிறது. எடுத்த வேர் அங்கே திரும்ப வராது. முடிவெட்டும் அண்ணன் இப்போதெல்லாம் என்னைக் கேட்காமலே பின்பக்கம் நீளமாக விட்டுவிடுகிறார்.

2016இல் சென்னையில் முடி நட்டுக்கொண்ட எம்.பி.பி.எஸ். மாணவர் ஒருவர் இறந்துபோனார். டாக்டருக்குப் படித்தவனுக்கே இந்தக் கதியா என்று உச்சுக்கொட்டியவன்தான் நானும்.

கோரிமேட்டு அக்கா:

தம்பி, நான் நர்ஸ். பயிற்சி பெற்ற பிளாஸ்டிக் சர்ஜனோ தோல் மருத்துவரோதான் இதைச் செய்யணும், யூடியூப் பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று 2022லேயே தேசிய மருத்துவ ஆணையம் சொல்லிவிட்டது. யூடியூப் என்று பெயர் போட்டே எழுதும் அளவுக்கு என்னென்ன பார்த்தார்களோ!

எங்களிடம் ஒரு காலேஜ் பெண் வந்தாள். மூக்கு இப்படி வேணும் என்று போனில் காட்டியது அவள் படத்தையேதான், ஃபில்டர் போட்டு. சர்ஜன் அரை மணி நேரம் பேசித் திருப்பி அனுப்பினார். வெளியே வந்து என்னிடம் கேட்கிறாள்: "அக்கா, செய்யறேன்னு சொல்ற டாக்டர் வேற யாராவது தெரியுமா?"

சரி, அந்த நெல்லிக்குப்பம் இடம் என்ன ஆச்சு?

மஞ்சக்குப்பத்தான்:

ஜாதகம் பொருந்தலையாம் அக்கா. தவணை இன்னும் நாலு பாக்கி.