பொதட்டூர்பேட்டை – நகரி வீட்டுக் குழு: ஒட்டுப்போர்வைக்கு நேரம்

கல்பனா, காலை 5.52
பெரியம்மா, சித்தி, அத்தை எல்லாருக்கும் ஒரு கேள்வி. திருத்தணி லோக்கல்ல காலைல ஏறினா ராத்திரி ஏழரைக்குத்தான் வீடு. ஞாயிறு துவைக்கிறதிலயே போயிடுது. பழைய பருத்திப் புடவை, லுங்கி வெட்டுத்துணி எல்லாம் மூட்டையா கிடக்கு. அதையெல்லாம் கட்டம் கட்டமா வெட்டிச் சேத்து 60க்கு 90 இன்ச் ஒட்டுப்போர்வை பொங்கலுக்குள்ள முடிக்கணும். எந்த வேலையை எப்போ வெச்சுக்கறது?

தேவி சித்தி, காலை 6.10
முழு நாள் கிடைக்கட்டும்னு காத்திருந்தா பொங்கல் போயி ஆடி வந்துடும் கல்பனா. இதுல விடாம உக்காந்து செய்யவேண்டியது ரெண்டே வேலை. ஒண்ணு துணி வெட்டுறது. இன்னொண்ணு மேல்துணி, நடு அடுக்கு, பின்துணி மூணையும் தரைல விரிச்சு கச்சா (நகராம இருக்க தற்காலிகத் தையல்) போடறது. மத்ததெல்லாம் கால் மணி, அரை மணியா பிரிச்சுக்கலாம்.

தேவி சித்தி, காலை 6.14
கணக்கு பாரு. தைச்சு முடிச்சா 6 இன்ச் நிக்கிற கட்டம். அகலத்துக்கு 10, நீளத்துக்கு 15, மொத்தம் 150. நாலு பக்கமும் கால் இன்ச் தையலுக்கு விடணும், அதனால வெட்டுறது ஆறரைக்கு ஆறரை. ஒரு வரிசைக்கு 9 தையல், 15 வரிசைக்கு 135. அப்புறம் வரிசைகளைச் சேக்க 14 நீளத் தையல். நாளைக்கு ஒரு வரிசைன்னு வெச்சா 15 நாள். நீளத் தையல் நாளைக்கு ரெண்டு, அது ஒரு வாரம்.

கல்பனா, காலை 6.15
தினமும் மிஷின்ல உக்கார முடியாது சித்தி. ரெண்டு நாளைக்கு ஒரு தடவை வேணா முடியும்.

பத்மா பெரியம்மா, காலை 6.31
அப்போ ட்ரெயினை விடாதே. உக்கார இடம் கிடைக்கிற அன்னிக்கு கட்டங்களை ரெண்டு ரெண்டா கையால சேத்துடு. 150 கட்டம் 75 ஜோடி. ஒரு வரிசைக்கு 5 ஜோடி வரும், 9 தையல்ல 5 ட்ரெயின்லயே முடிஞ்சுடும். மிஷினுக்கு வரிசைக்கு 4 தையல்தான் மிச்சம்.

துணியோட உள்பக்கம் விளிம்புலேர்ந்து கால் இன்ச் தள்ளி பென்சில் கோடு போட்டு எடுத்துட்டுப் போ. 9 நம்பர் கை ஊசி. நூல் ஒரு முழத்துக்கு மேல வேண்டாம், நீளமா விட்டா சிக்கும், துணில உரசி உரசி நைஞ்சும் போகும். நெருக்கமான ஓட்டுத் தையல், நாலஞ்சு குத்துக்கு ஒரு தடவை பின்னால ஒரு குத்து. அந்தப் பின்குத்து இல்லன்னா இழுக்கறப்போ தையல் வாயைத் திறக்கும். பகல் வெளிச்சத்துல ஆறு ஊசில நூல் கோத்து ஒரு கெட்டித் துணில குத்தி வெச்சுக்கோ, சாயங்கால ட்ரெயின்ல கண்ணைச் சுருக்க வேண்டாம். நின்னுட்டுப் போற கூட்டத்துல ஊசியை வெளியவே எடுக்காதே.

குமார் மாமா (நகரி), காலை 7.05
வெட்டுறதுக்கு முன்னாடி துணியைப் பாருங்க. தறிலேர்ந்து வந்த லுங்கித் துணில கஞ்சி இருக்கும். ராத்திரி ஊறப்போட்டு காலைல அலசினாத்தான் போகும், சுருங்க வேண்டியதும் அப்பவே சுருங்கிடும். பழைய புடவை ஏற்கெனவே சுருங்கினது. ரெண்டையும் துவைக்காம சேத்தா முதல் சலவைல லுங்கிக் கட்டம் சுருங்கி பக்கத்துக் கட்டம் உப்பிக்கும்.

சிவப்பு, கருநீலம் தனியா ஊறணும். ஈர வெள்ளைத் துணியால அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. சாயம் ஏறினா திரும்ப அலசணும். நாலஞ்சு அலசலுக்கு அப்புறமும் ஏறினா அந்தத் துணி வேண்டாம்.

கரையை அரை இன்ச் வெட்டித் தள்ளிடுங்க. அங்க இழை நெருக்கம், சுருங்கறது வேற மாதிரி. கட்டம் பாவு (நீள இழை), ஊடைக்கு (குறுக்கு இழை) நேரா விழணும். கோணலா வெட்டினா இழுபடும், சதுரம் சதுரமா நிக்காது.

இந்து, காலை 7.20
பழைய புடவை தாங்குமான்னு எப்படித் தெரியும் மாமா?

பத்மா பெரியம்மா, காலை 7.26
வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சுப் பாரு. அப்புறம் ரெண்டு கட்டைவிரலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வெளிப்பக்கமா இழு. இழை விலகிச்சுன்னா அது மேல்துணிக்கு ஆகாது, நடு அடுக்குக்குப் போடலாம். கொசுவத்துக் கீழ்க்கரை குதிகால்ல உரசி நைஞ்சிருக்கும், இடுப்பு மடிப்பும் அப்படித்தான். முந்தானையும் உள்முந்தியும் நல்லா இருக்கும், கட்டத்துக்கு அங்கேர்ந்து எடு.

நைஞ்ச புடவை வெட்டறப்போ வழுக்கும். நீர்த்த கஞ்சி தெளிச்சு இஸ்திரி போட்டுட்டு வெட்டினா காகிதம் மாதிரி நிக்கும். போர்வை முடிஞ்சதும் அந்தக் கஞ்சி போக ஒரு தடவை துவைச்சுடணும், இல்லன்னா பீரோவுல பூச்சி வரும். பனியன் துணியும் பாலியஸ்டரும் கலக்கவே வேண்டாம். பனியன் துணி இழுபடும், பாலியஸ்டர் பருத்திக்கு வைக்கிற சூட்டைத் தாங்காது.

தேவி சித்தி, காலை 7.40
வெட்ட பழைய எக்ஸ்ரே ஷீட்டுல ஆறரை இன்ச் அட்டை ஒண்ணு பண்ணிக்கோ. பேப்பர் அட்டை சாக் பட்டு பட்டு ஓரம் தேஞ்சு, கடைசிக் கட்டம் முதல் கட்டத்தை விடச் சின்னதாயிடும். கத்திரினா நாலு மடிப்புக்கு மேல வேண்டாம், அடித்துணி நகரும். ஒரே ஞாயிறு காலைல 150ம் வெட்டி, வரிசைக்குப் பத்துன்னு அடுக்கி, பழைய கவர்ல போட்டு 1லேர்ந்து 15 வரை எழுதி வெச்சுடு. அப்புறம் எந்த நாள் நேரம் கிடைச்சாலும் ஒரு கவரை எடுத்தா போதும். எதுக்குப் பக்கத்துல எதுன்னு தினமும் யோசிக்கறதுலதான் பாதி நேரம் போகுது.

சுகுணா அத்தை (நகரி), மதியம் 1.15
நான் இப்பதான் பாத்தேன். அடுத்த மாசம் ரிட்டயர் ஆனதும் நானும் ஆரம்பிக்கலாம்னு இருக்கேன். அண்ணி, வீட்ல இருந்தா நேரம் தானா கிடைக்கும்ல?

பத்மா பெரியம்மா, மதியம் 1.40
கிடைக்காது சுகுணா. ரிட்டயர் ஆனவ சும்மாதானே இருக்கான்னு சிலிண்டர், ரேஷன், பேரனோட ஸ்கூல் வேன், கல்யாணப் பத்திரிகை வாங்கறது எல்லாம் உன் தலைல வந்து விழும். முதல் வாரத்துலயே ஒரு மணி நேரத்தைக் குறிச்சு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடு. சாப்பாட்டுப் பாத்திரம் ஒதுக்கினதும் 2லேர்ந்து 3 நல்லது, ஜன்னல் வெளிச்சம் இருக்கும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நட, கழுத்து பிடிச்சுக்கும். மிஷினை மூடி ஓரங்கட்டாதே. திறந்து, நூல் கோத்து, துணியை மிஷின் பாதத்துக்கு (துணியை அழுத்திப் பிடிக்கிற தகடு) அடில வெச்சபடி விட்டுட்டு எழுந்திரு. மறுநாள் வந்து உக்காந்தா தைக்க ஆரம்பிச்சுடலாம். பேரக்குழந்தை வர்ற அன்னிக்கு மட்டும் மூடிடு.

இந்து, மதியம் 2.05
சித்தி, என் வரிசைங்க ஒண்ணு 60 இன்ச், ஒண்ணு 59க்கும் கம்மி. ஒரே அட்டைலதான் வெட்டினேன்.

தேவி சித்தி, மதியம் 2.18
வெட்டுல தப்பில்ல, தையல்ல இருக்கு. கால் இன்சுக்கு ஒண்ணரை மில்லி கூடப் போனாலும், ரெண்டு துணிலயும் சேத்து மூணு மில்லி. 9 தையலுக்கு 27 மில்லி, ஒரு இன்சுக்கு மேல போச்சு. மிஷின்ல ஊசிலேர்ந்து சரியா கால் இன்ச் தள்ளி பிளாஸ்திரி டேப்பை ஏழெட்டு அடுக்கு ஒட்டு, துணி அந்தத் திண்டுல இடிச்சுட்டுப் போகும். சரியா வந்துச்சான்னு பாக்க ஒண்ணரை இன்ச் பட்டை மூணை நீளவாக்குல சேத்துத் தை. நடுப்பட்டை சரியா ஒரு இன்ச் இருக்கணும். குறைஞ்சா டேப்பை ஒரு நூலிழை அளவு ஊசிப் பக்கம் நகர்த்து.

தையலை முதல்ல மூடின மாதிரியே இஸ்திரி வெச்சு அழுத்து, அப்புறம் திறந்து ஒரு பக்கமா சாய்ச்சு அழுத்து. பெட்டியை இழுக்காதே, தூக்கித் தூக்கி வை. ஒத்தைப்படை வரிசைக்கு எல்லாம் வலப்பக்கம், ரெட்டைப்படைக்கு இடப்பக்கம் சாய்ச்சுடு. வரிசையை வரிசையோட வைக்கறப்போ ரெண்டு மேடும் எதிரெதிரா வந்து பூட்டிக்கும். விரலால தடவினாலே மூலை சேந்துச்சான்னு தெரியும்.

இந்து, மதியம் 2.20
ஆரம்பிக்கறப்பலாம் அடில நூல் கூடு கட்டுது.

தேவி சித்தி, மதியம் 2.23
அடில கட்டினா மேல்நூலைப் பாரு. பாதத்தை இறக்கி வெச்சுட்டு நூல் கோத்தா, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்குள்ள இறங்காது. பாதத்தைத் தூக்கிட்டு நூலைத் திரும்பக் கோத்துக்கோ. முதல் நாலு குத்துக்கு ரெண்டு நூல் நுனியையும் பின்னால பிடிச்சுக்கோ. ஒரு ஜோடி முடிஞ்சதும் நூலை வெட்டாதே, அடுத்த ஜோடியை ஒட்டி உள்ள விடு. தோரணம் மாதிரி தொடர்ந்து வரும், கடைசில வெட்டிக்கலாம். நேரமும் நூலும் ரெண்டுமே மிச்சம்.

குமார் மாமா (நகரி), மாலை 6.30
உள்ளுக்கு வாடிங் (நடுவுல வைக்கிற பஞ்சு ஷீட்) வாங்கப் போறியா கல்பனா? நம்ம பக்கத்து வெயிலுக்கு பாலியஸ்டர் வாடிங் வேகும். பழைய பருத்திப் புடவை ரெண்டு அடுக்கு போதும். இலவம்பஞ்சு வேண்டாம், துவைச்சா திரண்டுக்கும்.

பின்துணிக்கு ஒரே புடவை போதும். ஐந்தரை மீட்டர்ல 98 இன்ச் நீளத்துல ரெண்டு துண்டு வரும், நீளவாக்குல சேத்து 68 இன்ச் அகலத்துக்கு வெட்டிக்கோ. நடு அடுக்கையும் இப்படியே சேக்கணும், ஆனா ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தித் தைக்காதே, முதுகுல வரம்பு மாதிரி உறுத்தும். விளிம்போட விளிம்பு முட்ட வெச்சு கையால இணைச்சா போதும். ரெண்டு அடுக்கோட இணைப்பும் ஒரே இடத்துல விழாம தள்ளி வை.

பத்மா பெரியம்மா, மாலை 6.52
கச்சா போடற அன்னிக்கு கூடத்துல நாற்காலி இருக்கக் கூடாது, பசங்களும் இருக்கக் கூடாது. பின்துணியை உள்பக்கம் மேல தெரியற மாதிரி விரிச்சு நாலு பக்கமும் தரைல டேப் ஒட்டு. சுருக்கம் இல்லாம இருந்தா போதும், வலிச்சு இழுத்து ஒட்டினா டேப் எடுத்ததும் சுருங்கி மேல்துணி உப்பும். அதுமேல நடு அடுக்கு, அதுமேல கட்டத்துணி. நடுவுலேர்ந்து வெளிப்பக்கமா, ஒண்ணரை இன்ச் நீளக் குத்து, ஒரு கைச்சாண் இடைவெளில வரிசை. ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சா காத்து நடுவுல மாட்டிக்கும். கூட ஒருத்தர் இருந்தா ஒரு மதியத்துல முடியும், நான் வர்றேன் கல்பனா.

அதுக்கப்புறம் மடியில வெச்சுத் தைக்கலாம். 3 இன்ச்சுக்கு ஒரு கோடுன்னா 19 கோடு, ஒவ்வொண்ணும் 90 இன்ச். ராத்திரி டிவி முன்னாடி ஒண்ணு. கட்டத் தையலோட மட்டும் 6 இன்ச்சுக்கு ஒண்ணு போட்டா 9 கோட்டுல முடியும், ஆனா துவைச்சதும் கட்டம் பலூன் மாதிரி தூக்கும். பத்து நாள் மிச்சம் பிடிக்க அது வேண்டாம்னுதான் சொல்வேன்.

சுகுணா அத்தை (நகரி), இரவு 8.10
இத்தனை அளவும் கணக்கும் வேண்டாம்னா பொந்த இருக்கே, பழைய புடவைல தைக்கிற போர்வை. ரெண்டு புடவையை மடிச்சு நாலு அடுக்காக்கி ஓட்டுத் தையல் போட்டுட்டே போகவேண்டியதுதான். கர்நாடகத்துல உத்தர கன்னடா பக்கம் சித்தின்னு ஒரு இனத்துப் பெண்கள் காவந்தின்னு ஒரு ஒட்டுப்போர்வை தைக்கிறாங்க. ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சு, துண்டுத்துணியை விளிம்பு மடிச்சு வெச்சு, சுத்திச் சுத்தி உள்பக்கமா தைச்சு நடுவுல முடிப்பாங்க. மேல்துணி தனியா சேக்கறதில்ல, ஒட்டறதும் அடுக்கைச் சேக்கறதும் ஒரே தையல். அஞ்சு நிமிஷம் கிடைச்சா ஒரு துண்டு, அவ்ளோதான். நான் இதுலதான் ஆரம்பிக்கப் போறேன்.

கல்பனா, இரவு 8.45
ஓரப்பட்டைக்கு எவ்ளோ துணி சித்தி?

தேவி சித்தி, இரவு 8.58
சுத்தளவு 300 இன்ச், இணைப்புக்கும் மூலைக்கும் 12 கூட்டு. இரண்டரை இன்ச் பட்டை 8, 44 இன்ச் அகலத் துணில 60 சென்டிமீட்டர் வாங்கு. பட்டைகளைக் குறுக்கா சாய்ச்சு இணை, நேரா இணைச்சா ஒரே இடத்துல தடிச்சு நிக்கும். நீளவாக்குல ரெண்டா மடிச்சு இஸ்திரி போட்டு, திறந்த ஓரம் போர்வை ஓரத்தோட சேர மேல்பக்கம் மிஷின்ல தை, பின்பக்கம் திருப்பி கையால எம்மிங். மூலைக்குக் கால் இன்ச் முன்னாடியே நிறுத்தி, துணியை வெளியெடுத்து, பட்டையை மேல மடிச்சு திரும்பக் கீழ இறக்கித் தை.

கல்பனா, இரவு 9.02
சரி சித்தி. வர்ற ஞாயிறு வெட்டறேன். லுங்கித் துணியை இன்னிக்கு ராத்திரியே ஊறப்போடறேன்.

குமார் மாமா (நகரி), இரவு 9.04
சிவப்பைத் தனி பக்கெட்டுல போடும்மா.