அழுகுரலை எடுத்துவிட்ட காட்சி

நிவேதா: பெரியப்பா, நீங்கள் சொன்ன 'பதேர் பாஞ்சாலி' படத்தை நேற்றிரவு பார்த்து முடித்தேன். மகள் துர்கா இறந்தது தெரியாமல் ஊர் திரும்பிய ஹரிஹர், அவளுக்கென வாங்கிவந்த புடவையை எடுத்து நீட்டுகிறார். அதைப் பற்றிக்கொண்டு அவர் மனைவி சர்பஜயா உடைந்து அழும்போது அவளுடைய குரலே கேட்கவில்லை. எனக்குக் கிடைத்த பிரதியில் ஏதேனும் கோளாறா?

பெரியப்பா: கோளாறு இல்லையம்மா. 1955இல் வந்த அந்தப் படத்தில் சத்யஜித் ராய் வேண்டுமென்றே அழுகுரலை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தார் ஷெனாயை ஒலிக்க வைத்தார். இசை ரவிசங்கருடையது. பெயரைக் கேட்டு அதை ஊதுகுழல் என்று நினைத்துவிடாதே. எஸ்ராஜ் போல வில்லால் வாசிக்கும் தந்திக் கருவிதான், ஒலியைப் பெருக்க ஒரு புனல் பொருத்தியிருப்பார்கள். உச்ச ஸ்தாயியில் அது தொண்டை கிழியக் கதறுவது போலவே ஒலிக்கும்.

சுந்தரி அத்தை: எனக்கு அதில் மனத்தாங்கல் உண்டு, அண்ணா. பெற்றவளின் அழுகையை எடுத்துவிட்டு வாத்தியத்தை வைத்தால், துக்கத்துக்குப் பூச்சூட்டியது போல் ஆகிவிடாதா?

பெரியப்பா: அதற்கு முன் நடப்பதைக் கவனி, சுந்தரி. ஹரிஹர் லட்சுமி படத்தையும் மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிப் பேசிக்கொண்டே போகிறார், அவள் வாயே திறப்பதில்லை. நமக்குத் தெரிந்த செய்தி அவருக்கு மட்டும் தெரியாது. அவள் குரலெடுத்து அழுதிருந்தால் அது கணவனுக்குச் சேதி சொல்வதோடு நின்றிருக்கும். துர்கா இறந்த அந்தப் புயல் இரவிலிருந்து நாம் அடக்கிவைத்திருந்த அழுகையும் சேர்ந்து வெளிவருவதற்கு, ஒருவருக்கும் சொந்தமில்லாத அந்த ஒலிதான் வழிவிட்டது.

முரளி மாமா: இன்னொரு வங்க இயக்குநரான ரித்விக் கட்டக் இதற்கு நேரெதிர்த் திசையில் போனவர். 1960இல் வந்த 'மேகே தாக்க தாரா'வில், தான் நம்பியிருந்த காதலன் சனத் என்பவனின் அறையில் வேறொரு பெண் இருப்பதை உணர்ந்து நீதா படியிறங்கி வரும்போது, சவுக்கடியின் ஓசை கேட்கும்.

நிவேதா: யார் அடிக்கிறார்கள், மாமா?

முரளி மாமா: யாரும் அடிக்கவில்லை. திரையில் சவுக்கே கிடையாது. அவள் கை மட்டும் தொண்டைக்குப் போகிறது. குடும்பமே தன்மேல் ஏறி உட்கார்ந்தும் அதுவரை ஒரு வார்த்தை முணுமுணுக்காதவள் அவள். அவள் மேல் விழுந்த அடி எத்தகையது என்பதை அந்த ஓசை ஒன்றே சொல்லிவிடுகிறது. பின்னர் அண்ணன் சங்கரோடு அவள் தாகூரின் பாடலான ரவீந்திர சங்கீதம் பாடும் காட்சியின் முடிவிலும் அதே சவுக்கு திரும்பி வரும்.

சுந்தரி அத்தை: கடைசியில் ஷில்லாங் மருத்துவமனையில், தான் வாழ ஆசைப்பட்டதாக அண்ணனிடம் அவள் கதறுவாளே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? கேமரா அவளை விட்டு விலகி மலைகளைச் சுற்றிவந்த பிறகும் அந்தக் குரல் ஓயாது. பெண்ணின் அழுகையை அப்படி முழுதாகக் கேட்க விட்டாரே, அதனால்தான் எனக்குக் கட்டக்கைப் பிடிக்கும்.

நிவேதா: இன்றிரவே பார்த்துவிடுகிறேன், அத்தை.

முரளி மாமா: கைப்பேசியின் ஒலிபெருக்கியை நம்பாமல் இயர்போனில் கேள். படியிறங்கும் காட்சியை இரண்டாம் முறை ஒலியை முற்றிலும் நிறுத்திவிட்டுப் பார். மனம் வாடிய ஒரு பெண் படியிறங்கிப் போகிறாள் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது.