பல்பைக் கழற்றினால் 12.6 வோல்ட், மாட்டினால் 9.6 வோல்ட்: எது சரி?

பாம்பன் படகுக்காரர்:
அனைவருக்கும் வணக்கம். எங்கள் நாட்டுப்படகில் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், சுவிட்ச் வழியாகப் பத்து மீட்டர் தள்ளி அணியத்தில் (படகின் முன்பகுதியில்) இருக்கும் 24 வாட் பல்பு ஒரு மாதமாக மங்கலாக எரிகிறது. பல்பைக் கழற்றிவிட்டு அதன் முனைகளில் அளந்தால் 12.6 வோல்ட் காட்டும் மல்டிமீட்டர், பல்பு எரியும்போது 9.6 வோல்ட்தான் காட்டுகிறது. அப்போதும் பேட்டரியில் 12.4 வோல்ட் இருக்கிறது. பல்பின் மின்தடையோ அரை ஓம்தான். அப்படியானால் 24 ஆம்பியர் அல்லவா ஓட வேண்டும்?

மண்டபம் மின்பணியாளர்:
அரை ஓம் என்பது குளிர்ந்த இழையின் தடை. எரியும்போது அது பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுவதால், மின்னோட்டத்தை ஓம் கணக்கில் ஊகிக்காமல் நேரடியாக அளப்பதே நல்லது. மீட்டரின் சிவப்பு ஒயரை அதன் 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, சுற்றை ஓரிடத்தில் பிரித்து, அந்த இடைவெளியில் மீட்டரைத் தொடராக இணையுங்கள். தொடர்சுற்றில் எங்கும் ஒரே மின்னோட்டம்தான் என்பதால், கைக்கு எட்டும் இடத்தில் பிரித்தால் போதும். அந்த நிலையில் மீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளில் மட்டும் வைத்துவிடாதீர்கள். அப்படி வைத்து என் மீட்டரின் ஃபியூஸைப் பறிகொடுத்தவன் நான்.

கீழக்கரை ஆசிரியர்:
இரண்டு அளவுமே சரி. வோல்ட் நிலையில் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகாஓம், அதாவது ஒரு கோடி ஓம். பல்பு இல்லாதபோது மீட்டரின் வழியே மின்னோட்டம் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. ஓட்டம் இல்லாத இடத்தில், கெட்டுப்போன இணைப்பும் நல்ல இணைப்பைப் போலவே நடிக்கும். ஆகவே பல்பை எரியவிட்டு, ஃபியூஸ் ஹோல்டர், சுவிட்ச், ஒயர் என ஒவ்வொன்றின் இரு முனைகளிலும் தனித்தனியே மின்னழுத்தத்தை அளந்து எழுதுங்கள், பல்பின் 9.6-ஐயும் சேர்த்துக் கூட்டினால் 12.4 வர வேண்டும்.

பாம்பன் படகுக்காரர்:
அளந்துவிட்டேன், ஐயா. மின்னோட்டம் 1.75 ஆம்பியர். பல்பில் 9.6, போகும் வரும் ஒயர்கள் இரண்டிலும் சேர்த்து 0.5, சுவிட்சில் 0.2, ஃபியூஸ் ஹோல்டரில் மட்டும் 2.1 வோல்ட். திறந்து பார்த்தால் உள்ளே பச்சைக் களிம்பு, தொட்டால் சுடுகிறது.

கீழக்கரை ஆசிரியர்:
சுடத்தான் செய்யும். 2.1 வோல்ட்டை 1.75 ஆம்பியரால் பெருக்கினால் ஏறத்தாழ 3.7 வாட்; விரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் அவ்வளவு வெப்பம் அடைபட்டுக் கிடக்கிறது. பேட்டரி தரும் 21.7 வாட்டில் பல்புக்குப் போய்ச் சேர்வது 16.8 வாட்தான். உப்புத்தாளால் தேய்த்தால் சில நாள் ஓடும், ஆனால் நம் கரையின் உப்புக்காற்று மறுபடியும் அதைத் தின்றுவிடும். மூடியுள்ள புதிய ஹோல்டரை மாட்டி, முனைகளில் வாஸ்லின் தடவிவிடுங்கள்.

மண்டபம் மின்பணியாளர்:
ஒயரின் முனையையும் ஓர் அங்குலம் சீவிப் பாருங்கள்; உள்ளே செம்பு கறுத்திருந்தால், பளபளப்பான செம்பு தெரியும் வரை வெட்டிவிட்டுப் பிறகு இணையுங்கள்.

பாம்பன் படகுக்காரர்:
மாற்றிவிட்டேன். ஒயரில் நான்கு விரற்கடை கறுத்திருந்தது. இப்போது பல்பில் 11.6 வோல்ட், 1.95 ஆம்பியர்.