கிளாக் 19: ஸ்பிரிங் மாற்றிய பிறகு ஸ்லைடு முழுதாக மூடுவதில்லை, குண்டும் இடப்பக்கம் தாழ்கிறது

டல்லாஸ்தம்பி:
வணக்கம். டெக்சஸில் இருக்கிறேன். இது என் முதல் கைத்துப்பாக்கி: ஐந்தாம் தலைமுறை கிளாக் 19. வாங்கியபோது ஒரு குறையும் இல்லாமல் சுட்டது. பிறகு காணொளிகளைப் பார்த்து நான்கு பாகங்களை ஒரே மூச்சில் மாற்றினேன். டங்ஸ்டன் கம்பியுடன் வரும் இலகுவான ரீகாயில் ஸ்பிரிங் (மேலே முன்னும் பின்னும் ஓடும் ஸ்லைடைத் திரும்ப மூடுவது), ஃபைபர் சைட் (ஒளிரும் இழை வைத்த குறிகாட்டி), தட்டையான ட்ரிகர், இரண்டு தோட்டா கூடுதலாகப் பிடிக்கும் மேகசின் (தோட்டாப் பெட்டி) அடித்தட்டு.

இப்போது மூன்று தொல்லைகள். சில நேரம் தோட்டா ஏறிய பிறகும் ஸ்லைடு ஒரு மயிரிழை திறந்தபடி நின்றுவிடுகிறது. உள்ளங்கையால் தட்டினால் மூடுகிறது. 10 கஜத்தில் குண்டு குறிக்குக் கீழே ஏறக்குறைய 3 அங்குலம், இடப்பக்கமாக விழுகிறது. கடைசித் தோட்டா தீர்ந்த பிறகு ஸ்லைடு பின்னால் நிற்பதும் இல்லை. தோட்டா, குண்டு 115 கிரெய்ன் எடையுள்ள சாதாரணப் பயிற்சி ரகம். வலது கைக்காரன். அடுத்து காம்பன்சேட்டர் (குழல் முனையில் மாட்டி உதைப்பைக் குறைப்பது) வாங்கலாமா, கனெக்டரை (ட்ரிகர் அழுத்தத்தின் கனத்தை மாற்றும் உள்பாகம்) மாற்றலாமா?

பட்டறைக்காரர்:
தம்பி, பணப்பையை மூடி வையுங்கள். முதலில் ஸ்லைடு.

கிளாக்கில் ஸ்டிரைக்கர் (தோட்டாவை வெடிக்கச் செய்யும் ஊசி) ஸ்பிரிங்கும் ரீகாயில் ஸ்பிரிங்கும் எதிரெதிராக இழுப்பவை. ரீகாயில் ஸ்பிரிங் வலுவிழந்தால் ஸ்லைடைக் கடைசி வரை தள்ளிக்கொண்டு போய் மூட அதற்குத் தெம்பு இருக்காது. கொஞ்சம் அழுக்கு சேர்ந்தால் இன்னும் மோசம். வீட்டிலேயே சோதிக்கலாம். மேகசினைக் கழற்றுங்கள், சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள், தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். ஆபத்தில்லாத திசையில் ட்ரிகரை ஒருமுறை அழுத்துங்கள். விரலை எடுக்காமல் அப்படியே பின்னால் பிடித்துக்கொண்டு, குழல் மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்து மெல்ல மெல்ல விடுங்கள். முழுதாக மூட வேண்டும். நடுவில் நின்றால் ஸ்பிரிங் போதாது என்று பொருள்.

இலகுவான ஸ்பிரிங் யாருக்கு? பெரும்பாலும் காம்பன்சேட்டர் மாட்டியவர்களுக்கும் மென்மையான போட்டித் தோட்டா சுடுபவர்களுக்கும். இரண்டிலும் ஸ்லைடைப் பின்னால் தள்ளும் விசை குறைகிறது. அதற்கு ஈடாகத்தான் ஸ்பிரிங்கை இலகுவாக்குகிறார்கள். உங்களிடம் அந்த இரண்டும் இல்லை. தொழிற்சாலை போட்ட இரட்டை ஸ்பிரிங்கை மாட்டுங்கள். டங்ஸ்டன் கம்பியின் கனம் எனக்குக் கையில் தெரிந்ததைவிட விலைச்சீட்டில்தான் அதிகம் தெரிந்தது.

குறிக்காரி:
சைட் பற்றி நான் சொல்கிறேன்.

கிளாக் 19இல் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே ஏறக்குறைய 152 மில்லிமீட்டர். 10 கஜம் என்றால் 9.14 மீட்டர். குண்டு 75 மில்லிமீட்டர் தாழ வேண்டுமானால் முன் சைட் தேவைக்கு மேல் ஏறக்குறைய 1.25 மில்லிமீட்டர் உயர்ந்திருக்க வேண்டும் (152ஐ 75ஆல் பெருக்கி 9,140ஆல் வகுத்துப் பாருங்கள்). முன்னும் பின்னும் ஒரே பெட்டியில் சோடியாக வந்திருந்தால் இவ்வளவு வித்தியாசத்துக்கு வாய்ப்பு குறைவு. சந்தேகம் இருந்தால் காலிபர் அளவுகருவியில் அளந்து தயாரிப்பாளர் தந்த அளவோடு ஒப்பிடுங்கள்.

வலது கைக்காரருக்குக் கீழே இடப்பக்கம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது விரலைத்தான். வெடிக்கப் போகிறது என்று உடம்பு முந்திக்கொண்டு குழலைக் கீழே தள்ளுகிறது. நண்பரை மேகசினில் நிஜத் தோட்டாக்களுக்கு நடுவே வெடிக்காத டம்மித் தோட்டாக்களைக் கலந்து போடச் சொல்லுங்கள். எது எங்கே என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. டம்மி வரும்போது குழல் தலையாட்டினால் பதில் கிடைத்துவிடும். அதே துப்பாக்கியை நன்றாகச் சுடும் ஒருவர் மணல்மூட்டையில் கையூன்றிச் சுட்டு நடுவில் விழுந்தால் சைட்டைத் தொடவே வேண்டாம்.

நடுவில் விழாமல் இடப்பக்கமே போனால் மட்டும் பின் சைட்டை வலப்பக்கம் நகர்த்துங்கள். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ பின் சைட்டும் அந்தப் பக்கம். அதற்கென்று தள்ளுகருவி இருக்கிறது, சுத்தியல் வேண்டாம். முன் சைட்டின் திருகு குன்றிமணி அளவுதான். 3/16 அங்குல மெல்லிய நட்டுத் திருப்பி, திருகு கழலாமல் பிடிக்கும் நீலப் பசை ஒரு சொட்டு, அவ்வளவு போதும். பலம் காட்டினால் தலை முறியும்.

பட்டறைக்காரர்:
ஸ்லைடு பின்னால் நிற்காததற்கு முதலில் கட்டைவிரலைப் பாருங்கள். ஐந்தாம் தலைமுறையில் ஸ்லைடு நிறுத்தி இரு பக்கமும் உண்டு. இரண்டு கட்டைவிரலையும் முன்னோக்கி நீட்டிப் பிடிப்பவர்கள் தங்களுக்கே தெரியாமல் அதை அழுத்திவிடுவார்கள். விரல் காரணம் இல்லையென்றால் அடித்தட்டு. மேகசின் நீண்டு, அதனுள் பழைய ஸ்பிரிங்கே இருந்தால் கடைசியில் ஸ்லைடு நிறுத்தியை மேலே தள்ள வலு போதாமல் போகலாம். பழைய அடித்தட்டைப் போட்டுச் சுட்டால் தெரிந்துவிடும்.

ட்ரிகரை யார் மாற்றினார்கள்?

டல்லாஸ்தம்பி:
நானேதான் அண்ணா, காணொளி பார்த்து.

பட்டறைக்காரர்:
அப்படியானால் மீண்டும் சுடுவதற்கு முன் ஒரு துப்பாக்கித் தொழிலாளியிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கிளாக்கில் வெளியே சேஃப்டி பொத்தான் இல்லை. ட்ரிகரின் நடு நாக்கு, ஊசியை அடைக்கும் சேஃப்டி, கீழே விழுந்தால் காக்கும் சேஃப்டி ஆகிய மூன்றும்தான் காவல், மூன்றும் ட்ரிகரோடு பிணைந்தவை. காலித் துப்பாக்கியில் நாக்கைத் தொடாமல் ட்ரிகரின் ஓரத்தை மட்டும் அழுத்துங்கள். பின்னால் நகரக் கூடாது. நகர்ந்தால் அந்தப் பாகத்தை அன்றே கழற்றிவிடுங்கள். மற்ற இரண்டையும் தொழிலாளி பார்க்கட்டும். கனெக்டர் பேச்சு இப்போதைக்கு வேண்டாம்.

குறிக்காரி:
ஒரு கேள்வி: பெட்டியில் வந்த பின்பிடித் தகடுகளை (கைப்பிடியின் பின்புறம் மாட்டுபவை) மாட்டிப் பார்த்தீர்களா? கை பெரிதாக இருந்து விரல் ட்ரிகரில் மடிந்து விழுந்தாலும் குண்டு பக்கவாட்டில் போகும். காசில்லாமல் கிடைத்த பாகத்தை யாரும் சீந்துவதில்லை!

டல்லாஸ்தம்பி:
நன்றி அண்ணா, அக்கா. தொழிலாளி ட்ரிகரைப் பார்த்தார். நாக்கு சரியாகத்தான் இருக்கிறதாம், ஆனாலும் பழையதையே மாட்டச் சொல்லி மாட்டிவிட்டேன். புது ஸ்பிரிங்கோடு ஸ்லைடு சோதனை செய்தபோது பாதியில் நின்றது. பழைய ஸ்பிரிங்கில் சட்டென்று மூடியது. சுடுதளத்திலும் தடங்கல் இல்லை. ஸ்லைடு நிற்காததற்கு வலது கட்டைவிரல்தான் காரணம். டம்மி வரும்போது குழல் நன்றாகவே தலையாட்டுகிறது. நடுத்தரத் தகடு மாட்டியதும் இடப்பக்க விலகல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, தாழ்வு அப்படியே. புது சைட்டை வைத்துக்கொள்ளலாமா, அதையும் கழற்ற வேண்டுமா?

குறிக்காரி:
வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலை சைட் பிளாஸ்டிக்; நீங்கள் மாற்றிய நான்கில் உருப்படியானது இது ஒன்றுதான். காம்பன்சேட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் தோட்டா வாங்குங்கள். வீட்டில் தினமும் காலித் துப்பாக்கியில், முன் சைட் அசையாமல் ட்ரிகரை அழுத்திப் பழகுங்கள். சைட்டின்மேல் ஒரு நாணயத்தை நிறுத்தி, அது விழாமல் அழுத்த வருகிறதா என்று பாருங்கள்.

பட்டறைக்காரர்:
இலகுவான ஸ்பிரிங்கை உறையில் போட்டு மேலே எழுதி வையுங்கள். சுத்தம் செய்யும்போது மாறிப் போய்விடும்.