மழைக்குப் பின் காயத் தொடங்கிய மாமரம்

வறட்சியில் தோட்டம் கருகிய அனுபவத்தை எழுதிய பலர், மழை பெய்ததும் கவலை தீர்ந்துவிட்டதாக முடித்திருக்கிறார்கள். செடிகளுக்கும் புல்தரைக்கும் அது பொருந்தலாம். மரங்களில் நான் கண்டது வேறு. எங்கள் தோட்டத்து மாமரம் வறட்சி முழுவதும் பெரிய வாட்டமின்றி நின்றது. மழை வந்து, வைக்கோல் நிறமாகக் கிடந்த புல்கூடத் துளிர்த்துவிட்ட பிறகு, அடுத்த ஆண்டில்தான் அதன் உச்சிக் கிளைகள் நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காயத் தொடங்கின.

மண்ணில் ஈரம் குறையக் குறைய, இலைகள் நீரை இழுக்கும் விசை மிகுந்து, தண்டின் நீர்க்குழாய்களில் காற்றுக்குமிழிகள் உண்டாகி நீரோட்டம் அறுபடுகிறது. நீரை உறிஞ்சும் சல்லிவேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே இருப்பதால், அவையும் முதலில் பட்டுப்போகின்றன. பிறகு எவ்வளவு மழை பெய்தாலும், வேர் மீண்டும் ஓடும்வரை அந்த நீரை முழுமையாக எடுத்துக்கொள்ள மரத்தால் முடிவதில்லை. நலிந்த மரத்தைத் தண்டைக் குடையும் துளைப்பான் புழுக்களும் எளிதில் தாக்குகின்றன. எங்கள் மரத்தின் அடியில் மரத்தூள் போன்ற கழிவு உதிர்ந்து கிடந்தது. சற்று மேலே, பட்டை வெடிப்பில் பிசின் கசிந்து உறைந்திருந்தது.

வெட்டிவிடுங்கள் என்றார்கள் சிலர். உரம் வையுங்கள் என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே அவசரப்பட்ட முடிவு என்பது என் கருத்து. வேர் பழுதுபட்ட நிலையில் இடும் இரசாயன உரத்தின் உப்பு, வேர் நீரெடுப்பதை மேலும் கடினமாக்கும். சிறு கிளைகளின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்து, உள்ளே ஈரப்பச்சை தெரிந்தவற்றை விட்டுவிட்டு, பழுப்பேறி முறுக்கென்று ஒடிந்தவற்றை மட்டும் நீக்கினோம். நடுக்கிளைகளில் துளிர் வந்தது, உச்சி திரும்பவில்லை.

நீர் பாய்ச்சுவதில் ஒன்றைக் குறிப்பிட வேண்டும். நெடுநாள் காய்ந்த மண் நீரை எளிதில் ஏற்காது. குழாயை வேகமாகத் திறந்துவிட்டபோது மேற்பரப்பு கறுத்து நனைந்தது; விரலால் கிளறினால் அடியில் புழுதிதான் இருந்தது. தூரை ஒட்டி ஊற்றாமல், கிளைகளின் விளிம்புக்கு நேர்கீழே வட்டப்பாத்தி எடுத்து, 30 முதல் 45 செ.மீ. ஆழம் நனையும்வரை மெதுவாகக் கசியவிட்டு, அடுத்த முறைக்குச் சில நாள் இடைவெளி விடுவதே பயன் தருகிறது. அதன்மேல் 5 முதல் 10 செ.மீ. தடிமனுக்குச் சருகு மூடாக்கு இடலாம். ஆனால் அது அடிமரத்தைத் தொட்டால் பட்டை அழுகும்.

தண்ணீர் எல்லாவற்றுக்கும் போதாதபோது, நட்டு 2, 3 ஆண்டுகளே ஆன கன்றுகளுக்கு முதலிடம் தரலாம்; அவற்றின் வேர் இன்னும் நட்ட குழியைவிட்டு அதிகம் பரவியிருக்காது. அடுத்தது பெரிய மரங்கள். பழுத்துக் கிடக்கும் புல்தரை கடைசியில் நிற்கட்டும்; அதை ஒரே பருவத்தில் மீண்டும் வளர்த்துவிடலாம்.