'வாண்ட்' ஏற்பதை 'ஹோப்' ஏன் ஏற்க மறுக்கிறது?

கொளத்தூர் ஆசிரியை கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். வேலை தேடும் இளைஞர்களுக்கு மாலை வேளைகளில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சி அளித்து வருகிறேன். விருப்பத்தையும் எண்ணத்தையும் சொல்லும் வினைகளை அடுத்து 'டு' வரும் என்று கற்பித்து, 'ஐ வாண்ட் டு லேர்ன்', 'ஐ ஹோப் டு ஜாயின்', 'ஐ பிளான் டு ஸ்டடி' என்று பலகையில் எழுதிக் காட்டியிருந்தேன். அடுத்த வகுப்பில் 'ஐ வாண்ட் யூ டு கம்' என்ற அமைப்புக்கு வந்தவுடன், மாணவி ஒருவர் 'ஐ ஹோப் யூ டு கம்' என்று எழுதிவிட்டு, முதல் பாடத்தில் ஒரே வரிசையில் நின்ற இரண்டு வினைகள் இங்கே ஏன் பிரிந்து போகின்றன என்று கேட்டார். வழக்கில் இல்லை என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட மனம் வரவில்லை. இதற்கு விளக்கம் உண்டா? தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் பேசுகிறவர்கள் இவ்வகை வினைகளில் வேறு எங்கெல்லாம் இடறுகிறார்கள் என்பதையும் அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாவேன்.

அடையாறு மொழிபெயர்ப்பாளர்:

உங்கள் மாணவியின் கேள்வி நியாயமானது. அதற்கான விடையில் பாதி தமிழிலேயே இருக்கிறது. 'நான் சேர விரும்புகிறேன்' என்னும்போது சேர்பவரும் விரும்புபவரும் ஒருவரே என்பதால் 'சேர' என்ற எச்சமே போதுமானதாக இருக்கிறது. சேர்பவர் வேறொருவர் என்றால் 'அவர் சேர வேண்டும் என்று விரும்புகிறேன்' என்று 'என்று' போட்டுத் தனி வாக்கியமாக்கிவிடுகிறோம். ('மழை பெய்யப் பயிர் விளைந்தது' என்பதில் 'பெய்ய' என்ற செயவென் எச்சம் வேறு எழுவாயை இயல்பாக ஏற்கிறதே என்று இலக்கணம் படித்தவர்கள் கேட்கலாம், ஏற்கிறது, ஆனால் 'விரும்பு' என்ற வினைக்கு முன்னால் அந்தச் சுதந்திரம் அதற்கு இல்லை.)

ஆங்கிலத்தில் 'ஹோப்', 'டிசைட்' ஆகியவை ஏறத்தாழ நம் வழியில் நடப்பவை. செய்பவர் ஒருவரே என்றால் 'டு' வரும். மாறினால் 'ஐ ஹோப் யூ வில் கம்' என்று முழு வாக்கியமே வர வேண்டும். 'வாண்ட்', 'வுட் லைக்', 'எக்ஸ்பெக்ட்' ஆகியவை வேறு வகை. அவை மற்றவரைச் செயப்படுபொருளாகத் தமக்குப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, அவர் செய்ய வேண்டியதை 'டு' சேர்த்துப் பின்னால் சொல்கின்றன. ஆகவே 'ஐ வாண்ட் தட் யூ ஷுட் கம்' என்று நம்மவர் எழுதுவதற்குக் காரணம் நம் 'என்று'தான். ஆங்கில 'வாண்ட்' அந்த 'தட்'டை ஏற்பதில்லை. 'ஹோப்', 'பிளான்' ஆகியவற்றுக்குப் பின்னால் 'ஃபார்' சேர்த்தால் மற்றவரைக் கொண்டுவர ஒரு வழி கிடைக்கிறது: 'வீ பிளான் ஃபார் ஹெர் டு ஸ்டார்ட் ஆன் மண்டே'. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கிண்டியில் ஆள்சேர்ப்புப் பணியில் இருப்பவர்:

இலக்கணப் பிழையோடு வருகிறவர்களை நாங்கள் பெரும்பாலும் புரிந்துகொள்கிறோம். இலக்கணம் சரியாக இருந்தும் பொருள் தலைகீழாகிப்போகும் வாக்கியங்கள்தாம் சிக்கலானவை. அவற்றில் முதலிடம் 'விஷ்' என்ற வினைக்கு. எப்போது சேர முடியும் என்று கேட்டதற்கு ஒருவர் 'ஐ விஷ் ஐ குட் ஜாயின் ஆன் மண்டே' என்று மிகுந்த ஆர்வத்தோடு பதில் எழுதியிருந்தார். திங்கட்கிழமை சேர ஆசைப்படுகிறேன் என்பது அவர் நினைத்த பொருள். படிப்பவருக்கோ, 'சேர முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும், ஆனால் முடியாதே' என்று கிடைக்கும். 'ஐ ஹோப் டு ஜாயின்' என்றோ, உறுதியாக இருந்தால் 'ஐ பிளான் டு ஜாயின்' என்றோ எழுதியிருந்தால் குழப்பமே இல்லை. 'ஐ விஷ் டு ஜாயின்' என்பதும் பிழையன்று. ஆனால் அது விண்ணப்பக் கடித நடை, எதிரே அமர்ந்து பேசுகிறவரின் வாயில் சற்று விறைப்பாக ஒலிக்கும்.

அடுத்தது நம் 'வேண்டும்'. 'நான் நான்கு மணிக்குக் கிளம்ப வேண்டும்' என்பது ஆசையா கட்டாயமா என்பதைத் தமிழில் சூழல்தான் சொல்கிறது. ஆங்கிலத்தில் ஆசை என்றால் 'வாண்ட் டு', கட்டாயம் என்றால் 'ஹேவ் டு' என்று முன்பே பிரித்தாக வேண்டும். சென்ட்ரலில் ரயிலைப் பிடிக்க வேண்டிய ஒருவர் மேலாளரிடம் 'ஐ வாண்ட் டு லீவ் அட் ஃபோர்' என்றால், வேலையை விட்டு எழுந்துபோக ஆசைப்படுகிறார் என்று எடுத்துக்கொள்ளப்படலாம். உண்மையிலேயே விருப்பத்தைத்தான் சொல்கிறார் என்றாலும், மேலிடத்தில் 'ஐ வாண்ட்' என்று தொடங்குவது அதட்டலாகத் தோன்றும். 'ஐ வுட் லைக் டு' என்பதே ஏற்றது. நேர்காணலுக்குத் தயார் செய்கிறவர்கள் இந்த ஒன்றையாவது மாணவர்களின் நாவில் ஏற்றி அனுப்பினால் எங்களுக்குப் பெரிய உபகாரம்.

மயிலாப்பூர், ஓய்வுபெற்ற விரிவுரையாளர்:

மேலே உள்ள இரண்டு பதில்களும் செறிவானவை. ஆயினும் முதல் பதிலில் காட்டப்பட்ட தமிழ் ஒற்றுமையை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் அது வெகுதூரம் கைகொடுக்காது. முன்மொழிதல் என்று ஏறத்தாழ ஒரே பொருள் தரும் 'ப்ரொபோஸ்', 'சஜஸ்ட்' ஆகிய இரண்டில் முன்னது 'டு' ஏற்கிறது, பின்னது ஏற்பதில்லை. 'ஐ சஜஸ்ட் டு கோ' என்பது பிழை. பொருளை வைத்து இதை ஊகிக்க எந்த வழியும் இல்லை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி, தம் நண்பர்கள் இருவருடன் தொகுத்து 1942இல் டோக்கியோவில் வெளியிட்ட அகராதியில், ஒவ்வொரு வினையும் எந்தெந்த வாக்கிய அமைப்புகளை ஏற்கும் என்பதைக் குறியீடுகளால் காட்டியது இந்தக் காரணத்திற்காகத்தான். பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகத்தின் மாணவர் அகராதியாக வளர்ந்தது அதுவே. மாணவர்கள் அகராதியில் பொருளை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாமல், அதன் கீழ் உள்ள அமைப்பையும் எடுத்துக்காட்டையும் படிக்கும்படி பழக்குங்கள்.

இன்னொன்று. 'லுக்கிங் ஃபார்வர்டு டு மீட் யூ' என்று முடியாத மின்னஞ்சலை இந்த நகரத்தில் நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அந்த 'டு' வேறு 'டு'. அதன் பின்னால் 'மீட்டிங்' என்றே வர வேண்டும்.

கொளத்தூர் ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. 'நான் மேற்படிப்புப் படிக்க நினைக்கிறேன்' என்பதை 'ஐ திங்க் டு ஸ்டடி' என்கிறார்கள். இதையும் 'சஜஸ்ட்' வரிசையில் சேர்த்துவிடலாமா?

அடையாறு மொழிபெயர்ப்பாளர்:

சேர்த்துவிடுங்கள். இந்தப் பொருளில் 'திங்க்' என்பதற்கு 'ஆஃப்' வேண்டும்: 'ஐ ஆம் திங்கிங் ஆஃப் ஸ்டடியிங்'. ஆனால் அது, படிக்கலாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருப்பவர் பேச்சு. நாம் 'நினைக்கிறேன்' என்பதை ஏறத்தாழ முடிவெடுத்த பின்னும் பணிவுக்காகச் சொல்வதுண்டு. அப்படிப்பட்டவர் 'ஐ இன்டென்ட் டு' என்றோ 'ஐ பிளான் டு' என்றோ சொல்வதே பொருந்தும். 'படிக்க நினைத்தேன், முடியவில்லை' என்ற வருத்தத்திற்கு 'ஐ மென்ட் டு ஸ்டடி' இருக்கிறது. மாணவர் எந்த நிலையில் நின்று சொல்கிறார் என்று முதலில் தமிழில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு வினையைக் கொடுங்கள்.